உதைத்துப் பார்த்து எடுத்த வண்டி

மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவது சுகம் என்று சொல்கிற பெண்களை எனக்குப் பிடிக்காது. ஒன்று அவர்கள் பொய் சொல்கிறார்கள், அல்லது சமவெளியில் மட்டும் போனவர்கள். நான் மலைச்சாலையில் போனவள். இரண்டு காலையும் ஒரு பக்கமாகத் தொங்கப்போட்டு, மடியில் பையை அணைத்து, ஒரு கையால் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வளைவில் வண்டி சாயும்போது கூடவே சாய வேண்டுமா நிமிர வேண்டுமா என்று தெரியாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு போனவள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இந்தக் கூத்து.

போகாமலும் இருக்க முடியாது. எங்கள் மகள் கீழே இருந்தாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அவருக்குத் தேவிகுளம் தாலுக் ஆபீசில் கிளார்க் வேலை. எனக்கு அங்கேயே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, அதுவும் நிரந்தரமாகாத வேலை, விட்டால் போனதுதான். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் பாலக்காட்டின் கிழக்குக் கோடியில் கோபாலபுரம் பக்கம். வெயிலில் வளர்ந்த எங்கள் உடம்பு மலைக்குளிருக்கு ஒருவழியாகப் பழகிக்கொண்டது. குழந்தைக்குப் பழகவில்லை. இரண்டு வயதில் இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். கீழே கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோபாலபுரத்தில் என் அக்கா வீட்டில் விட்டோம். அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கமாகப் பார்த்துக்கொண்டாள். அதுவே எனக்கு ஒரு பயமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸில் போகலாமே என்பார்கள். சனிக்கிழமை அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து கிளம்பினால் மூணாறில் ஒரு பஸ், உடுமலையில் ஒரு பஸ், பொள்ளாச்சியில் ஒரு பஸ் என்று மாறிப் போய்ச் சேரும்போது குழந்தை தூங்கியிருப்பாள். மறுநாள் மலைக்கு ஏறுகிற பஸ்ஸை உடுமலையில் காலையிலேயே பிடிக்க வேண்டும். விட்டால் அன்றைக்கு வேறு கிடையாது. அப்படியென்றால் அவள் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே கிளம்பிவிட வேண்டும். வண்டி இருந்ததால்தான் சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய், ஞாயிறு உச்சிப்பொழுது வரை அவளோடு இருக்க முடிந்தது.

வண்டி பழையது. பெரிய வண்டி, டப் டப் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி ஓடும். அவருடைய மாமா ஓட்டிச் சலித்துக் கொடுத்தது. அதைக் கிளப்புவதற்கு ஒரு சாங்கியம் உண்டு. கைப்பிடிக்குக் கீழே இருக்கிற சின்ன நெம்புகோலை அழுத்திக்கொண்டு, உதைக்கிற கம்பியை மெல்ல மெல்ல இறக்கி, மீட்டரில் இருக்கும் முள் நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகு ஒரே மிதி. அவசரப்பட்டால் வண்டி திருப்பி உதைக்கும். கம்பி திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே அடிக்கிற அடியில் ஆண்பிள்ளைகள் கண்ணில் நீர் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வழியில் மறையூர் தாண்டியதும் சாலை காட்டுக்குள் இறங்கும். சின்னாறு செக்போஸ்ட் வரை இறக்கம்தான், வளைவுக்கு மேல் வளைவு. யானைக்காடு. அந்த இறக்கம் தொடங்கும் இடத்தில் அவர் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடுவார். வண்டி தன் பாட்டுக்கு உருண்டு இறங்கும். இதில் புதுமை ஒன்றும் இல்லை. பெட்ரோல் விலை எகிறிய வருஷத்திலிருந்து அந்தச் சாலையில் எல்லோருமே அப்படித்தான் இறங்கினார்கள். லாரிக்காரர்கள்கூட நிறுத்திவிட்டுத்தான் இறங்குவார்கள். டயர் மண்ணில் உரசும் சத்தம் மட்டும் கேட்கும். என் சேலைத் தலைப்பு படபடப்பது கேட்கும். என் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கேட்கும்.

"ஏனுங்க, சத்தமாப் போனா ஆனை ஒதுங்கிப் போயிருமில்லீங்க? இப்பிடிப் பூனையாட்டம் போயி அது மேலயே முட்டிக்கிட்டா என்ன பண்றதுங்க?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"பெட்ரோல் என்ன ஆத்துத் தண்ணியா புள்ள? பேசாம வா" என்பார்.

அதற்கு மேல் பேச மாட்டார். வாயில் கொழுக்கட்டைதான். சரியான கஞ்சப்பிசினாறிக்கு வாழ்க்கைப்பட்டோம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அவர் முதுகு மட்டும் அசையாமல் இருக்கும். இந்த மனுஷனுக்குப் பயம் என்பதே கிடையாது போலிருக்கிறது என்று அந்த முதுகைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை இறக்கமும் இறங்கினேன்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, வெயில் சாய்கிற நேரத்தில், அது நடந்தது. என்ஜினை நிறுத்தி இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவைத் திரும்பியதும் சாலைக்குக் குறுக்கே கறுப்பாக ஏதோ இருந்தது. பாறை சரிந்து கிடக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைத் திறந்த நேரம் அப்படி. பிறகுதான் வால் ஆடியது. அது எதையும் தின்னவில்லை, ஒடிக்கவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். டயர் இழுபட்ட சத்தத்தில் அது திரும்பியது.

வண்டி நின்ற இடத்துக்கும் அதற்கும் நடுவில் நாலைந்து வண்டி நீளம் இருந்திருக்கும். அவர் உதைத்தார். முள்ளும் பார்க்கவில்லை, சாங்கியமும் பார்க்கவில்லை, வெறிபிடித்தவர் மாதிரி உதைத்தார். வண்டி திருப்பி உதைத்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "அம்மா" என்றபடி அப்படியே சாய்ந்தார், வண்டியும் சாய்ந்தது. நான் எப்படிக் குதித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன். காதை விரித்துக்கொண்டு அது எங்களைப் பார்த்து வந்தது.

முருகா என்றுகூட நான் சொல்லவில்லை. சொல்ல நாக்கு வரவில்லை. அவர் அக்குளில் கையைக் கொடுத்து, சாலையோரத்துக் கல்கட்டுக்கு அந்தப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் என்னைவிட ஒன்றரை மடங்கு எடை. கல்லுக்குப் பின்னால் இருவரும் குப்புறக் கிடந்தோம். யானை வண்டியிடம் வந்தது. துதிக்கையால் தடவிப் பார்த்தது. பிறகு காலைத் தூக்கி வைத்தது. டேங்க் நசுங்கியது. பெட்ரோல் வாசனை அடித்தது. எனக்கு அப்போது மகள் முகம் நினைவுக்கு வரவில்லை, சாமி நினைவுக்கு வரவில்லை. மூச்சு விடுகிற சத்தம் அதற்குக் கேட்டுவிடுமோ என்பது ஒன்றுதான் நினைவில் இருந்தது.

மறையூரிலிருந்து வெல்ல மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்துதான் எங்களைக் காப்பாற்றியது. அதுவும் என்ஜினை நிறுத்திவிட்டு ஓசையே இல்லாமல் இறங்கி வந்தது. டிரைவர் வளைவில் யானையைப் பார்த்துப் பிரேக் போட்டு, ஹார்னை அழுத்திய கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். யானை கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கிப் போனது. டிரைவரும் நானுமாக அவரைத் தூக்கி லாரியில் ஏற்றினோம்.

"சித்தெ முன்னாடி வந்திருந்தா ஆனைக்கு வேலையே வெச்சிருக்க மாட்டனுங்க, நானே உங்க மேல ஏத்தியிருப்பேன்" என்றார் டிரைவர். சிரிக்க வேண்டும் என்று சொன்னார் போலிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை.

உடுமலையில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். பழைய வண்டியைக் காயலான் கடைக்குத்தான் போட முடிந்தது. அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு தடவை தனியாகப் பஸ்ஸில் மகளைப் பார்க்கப் போனேன். நான் போனபோது அக்காவின் மேல் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் படுத்துக்கொண்டேன். விடியும் முன் அக்கா என்னை எழுப்பிவிட்டாள். கிளம்பும்போது குழந்தை தூக்கத்திலேயே "அம்மா" என்றாள். நான் குனிந்தேன். அவள் கை அக்காவைத் தேடியது. உடுமலை வரை பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் வெற்றிலைச் சுருள் ஒன்றை நீட்டினாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆகவே வண்டி வேண்டும். ஆனால் வண்டி என்ற வார்த்தையே எனக்கு ஆகவில்லை. தூக்கத்தில் டேங்க் நசுங்கும், வியர்த்து எழுந்து உட்காருவேன். கட்டு அவிழ்த்து அவர் நடக்கத் தொடங்கியதும், கோயமுத்தூருக்குப் போய்ப் புது வண்டி பார்க்கலாம் என்றார். நான் இரண்டு கண்டிஷன் போட்டேன். "அந்த எறக்கத்துல என்ஜினை நிறுத்தக் கூடாதுங்க. அப்பறம், நான் உதைச்சாலும் கெளம்பற வண்டியா இருக்கோணும். உங்களுக்குக் கை காலு உழுந்துபோச்சுன்னா நான் பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன். இதுக்குச் சரின்னா நான் பின்னாடி ஏறுவேன். இல்லாட்டி நீங்களே போயிக் கொழந்தையப் பாத்துட்டு வாங்க."

அவர் கட்டு அவிழ்த்த காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். அந்தச் சரி அவர் வாயிலிருந்து வந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்ரோல் போகிறதே என்கிற வயிற்றெரிச்சல் என்று எடுத்துக்கொண்டேன்.

கடையில் இரண்டு விதமான வண்டி நிறுத்தியிருந்தார்கள். ஒன்று எங்கள் பழைய வண்டியின் புது வார்ப்பு. பெரியது, கறுப்பு, டேங்கில் பொன்கோடு. அவர் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். தாலுக் ஆபீசில் எல்லோரும் மலைக்கு அதுதான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மற்றொன்று அதைவிட ஒல்லி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர்.

"நான் உதைச்சுப் பாக்கறனுங்க" என்றேன்.

கடைக்காரர் அவரைப் பார்த்தார். அவர் சுவரைப் பார்த்தார். "அம்மிணி, இதெல்லாம் ஆம்பளைக சமாச்சாரமுங்க. கால்ல அடிச்சுப்போடும்" என்றார் கடைக்காரர்.

"அடிச்சதைப் பக்கத்துல நின்னு பாத்தவளுங்க நான். வண்டிக்கு ஆம்பளக் காலு பொம்பளக் காலுன்னு தெரியுமுங்களா?"

சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மானம் போகிறது என்று ஒரு பக்கம், கால் போய்விடும் என்று ஒரு பக்கம், இரண்டு பயத்தோடும் பெரிய வண்டியின் கம்பியில் ஏறி நின்றேன். கடைக்காரர் முள்ளைக் காட்டிச் சொல்லித் தந்தார். என் முழு எடையையும் போட்டு மிதித்தேன். கம்பி பாதி வரை இறங்கி அப்படியே நின்றது. நானும் அதன் மேல் நின்றேன். இன்னொரு தடவை. வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

இரண்டாவது வண்டியில் கியர் போடுகிற கம்பியையே மேலே நிமிர்த்தினால் அதுதான் உதைக்கிற கம்பி. அது இடது பக்கம் இருந்தது. முதல் உதைக்குப் பொருமியது. இரண்டாவது உதைக்குக் கிளம்பிவிட்டது. இரண்டு சைலன்சரிலும் நீலப் புகை. கடை முழுவதும் சத்தம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, புகையால் என்று சொல்லிக்கொண்டேன்.

"இதுல ஒண்ணு பாத்துக்கோணுமுங்க" என்றார் கடைக்காரர், அவரிடம். "ஆயிலைப் பெட்ரோல்லயே கலந்து ஊத்தற வண்டி. நெடு எறக்கத்துல ஆக்சிலேட்டரை மூடியே வெச்சிருந்தா ஆயில் போகாம பிஸ்டன் புடிச்சுக்கும். அப்பப்ப முறுக்கி உடோணும். இல்லாட்டி ஆப் பண்ணிப்போட்டு எறங்கோணும்."

ஆப் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. நான் விடவில்லை. "முறுக்கி உடறதுதானுங்க" என்றேன். அந்த வண்டியைத்தான் எடுத்தோம். மறுநாள் மலை ஏறும்போது உச்சிவெயில். ஒரு லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டே ஏறிவிட்டோம். வழியெல்லாம் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

பங்குனியில் முதல் சனிக்கிழமை மகளைப் பார்க்கக் கிளம்பினோம். மறையூர் தாண்டி, இறக்கம் தொடங்கும் இடம் வந்தது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் அவ்வப்போது முறுக்க, சத்தம் காட்டுக்குள் போய்த் திரும்பி வந்தது. இரண்டு வளைவு இறங்கியிருப்போம். அவர் ஓரம் கட்டி நிறுத்தி, சாவியைத் திருப்பிவிட்டார். எனக்கு உயிர் போய்விட்டது.

"ஏனுங்க, எதுக்கு நிறுத்தீட்டீங்க? பேச்சு என்ன பேசுனோம்?"

கைப்பிடியை விட்டுக் கையை எடுத்தார். இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது.

"முடியல புள்ள" என்றார். "இந்தச் சத்தத்துல ஒண்ணுமே காதுல உழுக மாட்டேங்குது."

"என்ன உழுகோணுமுங்க?"

"ஆனை கொப்பு ஒடிக்கற சத்தம். அது வயிறு உறுமற சத்தம். ஏத்தத்துல வேற வழியில்ல. எறக்கத்துலயாச்சும் காது கேக்கட்டும்னுதான் ஆப் பண்ணுவேன். அன்னைக்கு அது ஒண்ணுமே ஒடிக்காம நின்னுபோச்சு."

"பெட்ரோலுக்குன்னீங்க?"

"பெட்ரோல்ல என்ன பெருசா மிஞ்சுது. பயந்துக்கிட்டு ஓட்டறேன்னு சொன்னா நீ ஏறுவியா? நீ ஏறலீன்னா புள்ளையப் பாக்கறதெப்பிடி? மொத நாள்ல இருந்தே எனக்கு ஈரக்கொலை நடுங்கத்தான் செய்யுது."

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. பரிதாபமும் அப்போது வரவில்லை. பயம்தான் வந்தது, அதுவரை வந்த பயம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தாலும் அதற்கு ஈடாகாது. இத்தனை நாள் வண்டியில் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று இருந்தேன். முன்னால் ஒரு தைரியசாலி இருக்கிறார், அவர் முதுகைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று இருந்தேன். இப்போது பிடித்துக்கொள்ள அந்த முதுகும் இல்லை. காட்டில் ஏதோ ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பிப் போனால் இனி பஸ்தான், மகள் தூக்கத்தில்தான் கிடைப்பாள் என்று இருவருக்கும் தெரியும்.

"சரி, கேளுங்க" என்றேன். "நானும் கேக்கறேன்."

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். ஒன்றும் ஒடியவில்லை. நான் இறங்கிக் கம்பியை நிமிர்த்தி உதைத்தேன். அடுத்த வளைவு வரை சத்தத்தோடு போனோம். அங்கே நிறுத்தினார். கேட்டோம். நான் உதைத்தேன். சின்னாறு செக்போஸ்ட் வரை இப்படியேதான் வளைவுக்கு வளைவு இறங்கினோம். செக்போஸ்ட் காவலர் வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டார். புது வண்டி, பழகவில்லை என்று சொன்னோம்.

கோபாலபுரம் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மகள் விழித்திருந்தாள். அக்கா மடியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அக்கா முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா தலையை ஆட்டிய பிறகுதான் எழுந்து வந்தாள். அவள் வரட்டும் என்று நான் தரையில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தது. அவள் சோற்றுக் கையால் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். அப்பாவின் கையையும் எட்டித் தொட்டுப் பார்த்தாள்.

"குளுருதா?" என்றாள்.

பங்குனி மாதம். வெளியே காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. விசிறிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமா சாமி, மலையில ஒரே குளுரு" என்றேன் நான்.

"ரொம்பக் குளுரு" என்றார் அவர்.